செல்லக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

வணக்கம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: வீட்டுக்கு வந்த குட்டிக்கு வயிறு சரியில்லை, என்ன கொடுப்பது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கங்களைக் குட்டிகளின் வயிற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். விருதுநகர், தென்காசிப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகங்களில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். கட்டைப்பையிலும் துண்டு மடிப்பிலும் வைத்துத் தூக்கிவந்த குட்டிகள் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டாக்டர் அம்மா, 52 நாள் ஆன லாப்ரடார் குட்டி வாங்கி நான்கு நாள் ஆகிறது. வந்த மறுநாளே லூஸ் மோஷன் ஆரம்பித்துவிட்டது. விற்றவர் கொடுத்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு பிராண்டு பாக்கெட் வாங்கினோம். பால் கொடுத்தோம். நிற்கவில்லை என்று தயிர்சாதம், இட்லி, இளநீர், குளுக்கோஸ் தண்ணீர் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். பலம் வேண்டுமே என்று முட்டையும், அழுதால் பிஸ்கட்டும் தருகிறோம். குட்டி நன்றாக விளையாடுகிறது, வாந்தி இல்லை. எதைக் கொடுத்தால் நிற்கும்?
வாசகி, மதுரை

உங்கள் கடிதத்தைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். நான்கு நாளில் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போனவற்றுக்கு ஒவ்வொன்றாக அடிக்கோடு போட்டால் ஒன்பது வருகிறது. உங்கள் மேல் குறை சொல்வதற்காக எண்ணவில்லை அம்மா. பாசம் இருப்பவர்கள்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

தாயை விட்டு, கூடப் பிறந்த குட்டிகளின் சூட்டை விட்டு, தெரியாத வீட்டுக்கு வந்திருக்கிறது. அந்தப் பயமும் பயணமுமே குட்டியின் வயிற்றைக் கலக்கப் போதும். அதோடு சாப்பாடும் மாறிவிட்டது. குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களும் செரிமான நொதிகளும் அதுவரை சாப்பிட்ட உணவுக்குப் பழகியவை. புதிதாக ஒன்று வந்தால் அதற்கேற்ப மாற அவற்றுக்குச் சில நாள் வேண்டும். அதற்குள் வேறொன்று வந்தால், சரியாகச் செரிக்காத உணவு பெருங்குடலுக்கு இறங்கி, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். ‘இது நிற்கவில்லை, அதைக் கொடுத்துப் பார்ப்போம்’ என்று நீங்கள் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தக் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? ஒன்பதையும் நிறுத்துங்கள். பட்டினியும் போடாதீர்கள். வளர்ந்த நாயை அரை நாள் பட்டினி போடுவது பழைய வழக்கம், இரண்டு மாதக் குட்டிக்கு அது ஆபத்து. அதன் உடம்பில் சேமிப்பு கிடையாது. சில மணி நேரம் வெறும் வயிறாக இருந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்பு வரை போய்விடலாம்.

கோழி நெஞ்சுக்கறியைத் தோல், கொழுப்பு, எலும்பு எதுவும் இல்லாமல் எடுத்து வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். பச்சரிசியைத் தண்ணீர் அதிகம் விட்டுக் குழைய வடியுங்கள். ஒரு பருக்கையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் நடுவில் விதைபோல எதுவும் தட்டுப்படாமல் மாவாக நசுங்க வேண்டும். அதுதான் பதம். கறி ஒரு பங்கு, சாதம் இரண்டு பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கண்டிப்பாகக் கூடாது, அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை.

உங்கள் குட்டி 4 கிலோ பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் வேளை இரண்டு மேசைக்கரண்டி மட்டும் கொடுத்துப் பாருங்கள். வாந்தி இல்லையென்றால் அடுத்த வேளையிலிருந்து நான்கு மேசைக்கரண்டி, ஒரு நாளைக்கு ஆறு முறை. இடையில் கண்ணைப் பார்த்து இரக்கப்பட்டு எதுவும் போடக்கூடாது. மஞ்சள் பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். அதில் உள்ள கரையும் நார்ச்சத்து மலத்தை இறுக்க உதவும். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடியில் 1 லிட்டர் பாக்கெட்டை முழுசாக 1 லிட்டர் ஆறிய தண்ணீரில் கரைத்து இன்னொரு கிண்ணத்தில் வையுங்கள். தானாக நக்கிக் குடித்தால் போதும். வாயைத் திறந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கரைத்ததை மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

இரண்டு மூன்று நாளில் மலம் உருவாகத் தொடங்கும். உருவானதும் உடனே புது பாக்கெட்டுக்குத் தாவ வேண்டாம். விற்றவருக்கு ஒரு போன் போட்டு, அவர் வீட்டில் குட்டி என்ன சாப்பிட்டது, எத்தனை வேளை, ஊறவைத்தா வைக்காமலா என்று கேளுங்கள். வேகவைத்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முதலில் அந்தப் பழைய உணவுக்கே கொண்டுவாருங்கள். ஒரு வாரம் அதிலேயே நிற்கட்டும். அப்புறம் நீங்கள் விரும்பும் பாக்கெட்டுக்கு மாற்றலாம். மாற்றும்போது ஒரு வேளைக்கு 40 கிராம் என்றால், முதல் இரண்டு நாள் பழையது 30, புதியது 10. அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த இரண்டு நாள் பழையது 10, புதியது 30. ஏழாம் நாள் முழுக்கப் புதியது. நடுவில் மலம் இளகினால் முன்னால் இருந்த கட்டத்துக்குத் திரும்பி, இரண்டு நாள் கூடுதலாக அங்கேயே நில்லுங்கள். அவசரமே இல்லை, 10 நாள், 14 நாள் ஆனாலும் நல்லதுதான்.

இன்னொன்று, அளவு. பாக்கெட்டின் பின்னால் இருக்கும் அட்டவணை ஒரு நாளைக்கான அளவு. அதை ஒரு வேளைக்கான அளவாக நினைத்து நான்கு வேளையும் போட்டு, பேதி என்று தூக்கிவந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 4 கிலோ குட்டிக்குப் பெரும்பாலான உலர் உணவுகளில் நாள் முழுவதற்கும் 150 கிராம் பக்கம்தான் வரும். அதை நான்காகப் பிரிக்க வேண்டும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, அது எந்த டம்ளரில் எந்தக் கோடு வரை வருகிறது என்று குறித்துக்கொண்டால் தினமும் நிறுக்க வேண்டாம்.

குட்டி விளையாடுகிறது, வாந்தி இல்லை என்று நீங்கள் எழுதியிருந்ததால்தான் இவ்வளவையும் வீட்டிலேயே செய்யச் சொல்கிறேன். 24 மணி நேரத்தில் கொஞ்சமாவது குறையவில்லை என்றாலோ, கீழே தூத்துக்குடி வாசகருக்கு எழுதியிருக்கும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலோ சாதம் வடித்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

பால் கொடுக்காதே என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து பாலும் சோறும் போட்டுத்தானே நாய் வளர்த்தோம்? பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுக்கலாமா?
வாசகர், நாமக்கல்

தாத்தா வீட்டு நாய்க்குப் பால் சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை. சில நாய்களுக்கு ஆயுசு முழுக்கச் சேரும். பெரும்பாலானவற்றுக்குச் சேராது.

காரணம் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை. தாய் நாயின் பாலில் அது 100 கிராமுக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். பசும்பாலில் 5 கிராமை ஒட்டி. அதைச் செரிக்கும் நொதி குட்டிக்குப் பிறக்கும்போது நிறைய இருக்கும். தாய்ப்பாலை மறக்கும் வயதில், அதாவது 6 முதல் 8 வாரத்துக்குள், அது குறைந்துகொண்டே வரும். நாம் வாங்கிவருவது சரியாக அந்த வயதில்தான். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். வயிறு பலூன்போல உப்பி, கடகடவென்று சத்தம் கேட்கும், அப்புறம் மஞ்சளாக நுரைத்துப் போகும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாலாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆட்டுப்பாலில் லாக்டோஸ் பசும்பாலைவிட ஏதோ துளி குறைவு, அவ்வளவுதான். எருமைப்பாலில் கொழுப்பு வேறு கூடுதல். தண்ணீர் கலந்தால் சத்துதான் குறையும். தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுவதால் பல குட்டிகள் ஒன்றிரண்டு தேக்கரண்டி தயிரைத் தாங்கும். புளிக்காத, சர்க்கரை போடாத வீட்டுத் தயிராக இருக்கட்டும். அதுவும் வயிறு நன்றாக இருக்கும்போது. பேதி இருக்கும்போது வேண்டாம்.

கண் திறந்தும் திறக்காமலும் தாயை இழந்த குட்டிகள் விஷயம் வேறு. அவற்றுக்குப் பால்தான் உணவு. மருந்துக் கடைகளில் நாய்க்குட்டிகளுக்கென்றே பால்பொடி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் குட்டியைத் தொட்டுப் பாருங்கள். உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும், குளிர்ந்த குடல் எதையும் செரிக்காது. குழந்தையைப்போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள். தாயிடம் குடிக்கும்போது எப்படிக் குப்புறக் கிடக்குமோ அப்படித்தான்.

என் மாமியார் எங்கள் பிள்ளைகளுக்கு உரைமருந்து கொடுத்து வளர்த்தவர். இப்போது 2 மாதப் பொமரேனியன் குட்டிக்கும் வயிறு சரியில்லை என்றால் வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவுகிறார். நல்லதுதானா? வேண்டாம் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.
வாசகி, கும்பகோணம்

உங்கள் தயக்கம் புரிகிறது. வசம்பைப் பேர் சொல்லா மருந்து என்றும் பிள்ளை வளர்ப்பான் என்றும் மரியாதையோடு அழைத்த வழக்கம் நம்முடையது. அத்தை செய்வது அன்பினால்.

ஆனால் நாய்க்குட்டிக்கு வேண்டாம். நம் நாட்டு வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் அதிகம், எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்ததில் கெடுதல் என்று தெரிந்த பொருள் அது. உரைமருந்தில் வழக்கமாகச் சேர்க்கும் ஜாதிக்காய் நாய்களுக்கு அளவு கூடினால் நரம்பைத் தாக்கும். சில வீடுகளில் பூண்டும் சுட்டுச் சேர்ப்பார்கள். ஒன்றரைக் கிலோ குட்டிக்கு ‘கொஞ்சம்’ என்பதே எவ்வளவு என்று நம்மால் சொல்ல முடியாது.

அத்தையிடம் ‘கூடாது’ என்று சொல்ல வேண்டாம். கைப்பக்குவம் உள்ளவர் அவர். குழைந்த சாதமும் பரங்கிக்காய் மசியலும் செய்து தரச் சொல்லுங்கள். குட்டிக்கு வேளா வேளைக்கு அளந்து ஊட்டும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். பொமரேனியன் போன்ற சிறிய இனக் குட்டிகள் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலே துவண்டுவிடும், யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்வது பெரிய உதவி.

3 மாதம் ஆன ராஜபாளையம் குட்டி. ஒரு மாதம் முன்பு பேதி வந்தபோது கோழியும் சாதமும் கொடுத்தோம், நின்றுவிட்டது. பயத்தில் அதையே தொடர்கிறோம். இப்போது முன்னங்கால் கொஞ்சம் வளைந்தாற்போல் தெரிகிறது.
வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கோழியும் சாதமும் நோய் நாளுக்கான சாப்பாடு, வளரும் நாளுக்கான சாப்பாடு அல்ல. அதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம், கறியில் பாஸ்பரஸ் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வில் உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். ராஜபாளையம்போல வேகமாக உயரும் குட்டிக்கு முதலில் கால்தான் காட்டிக்கொடுக்கும். அதுவரை மாடிப்படி, குதிப்பது, வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓடுவது எதுவும் வேண்டாம்.

வளரும் குட்டிகளுக்கான முழு உணவுக்கு மேலே சொன்ன ஏழு நாள் கணக்கில் மாற்றுங்கள். பாக்கெட் உணவுக்கு மாறிய பிறகு கால்சியம் டானிக்கை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கு அது கூடினாலும் எலும்பு கோணும்.

வயிற்றுப்போக்கு என்றால் எப்போது வீட்டில் பார்க்கலாம், எப்போது ஓட வேண்டும்? எங்கள் முந்தைய குட்டியை 10 வாரத்தில் பறிகொடுத்துவிட்டோம். இந்த முறை பயமாக இருக்கிறது.
வாசகர், தூத்துக்குடி

உங்கள் வலி எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கோம்பைக் குட்டி ஒன்றை ஓர் அப்பாவும் சின்னப் பெண்ணும் தூக்கிவந்தார்கள். முந்தின நாள் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டதாகச் சொன்னார்கள். இரண்டு முறை வாந்தி, கொஞ்சம் பேதி. குழம்புதான் காரணம் என்று முடிவு கட்டி, கஞ்சி கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். குட்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் தோளில் கிடந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அதை யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த அப்பா மட்டும் வந்து சொன்னார். அது பார்வோ என்ற வைரஸ் நோய். குழம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதிலிருந்து நான் மலத்தைப் பார்ப்பதற்கு முன் குட்டியின் முகத்தைப் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பேதி இருந்தும் வாலாட்டி ஓடிவந்து சாப்பிடுகிற குட்டிக்கு ஒரு நாள் வீட்டு வைத்தியம் பார்க்கலாம். கூப்பிட்டால் எழுந்து வராத, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிற குட்டிக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, மலம் எப்படி இருந்தாலும் சரி. வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வெளியே வந்தால், மலத்தில் ரத்தம் கலந்து, ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத அழுகல் நாற்றம் அடித்தால், நடு இரவானாலும் கிளம்புங்கள்.

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு ரோஜா நிறத்தில் ஈரமாக வழுக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் 2 நொடிக்குள் நிறம் திரும்பும். விரல் ஒட்டினாற்போல் வறண்டிருந்தாலோ, நிறம் திரும்ப நேரம் எடுத்தாலோ உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். தோலை இழுத்துவிட்டுப் பார்க்கும் வழியைச் சொல்வார்கள். சின்னக் குட்டிகளிடம் அது சரியாகக் காட்டாது, ஈறை நம்புங்கள். குட்டி நன்றாக இருக்கும் நாளில் நாலு முறை பார்த்துப் பழகியிருந்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். 99-க்குக் கீழே இறங்கினால் அது இன்னும் மோசம்.

பார்வோ 1970-களின் கடைசியில் தலைகாட்டி உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் நோய். குடலின் உள்சுவரையும் வெள்ளை அணுக்களையும் சேர்த்து அழிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. நேரத்தோடு டிரிப் ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. அவ்வளவு வித்தியாசம், அதனால்தான் ஓடச் சொல்கிறேன். பக்கத்தில் வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனை இருக்கிறது.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்தைய குட்டி பார்வோவில் போயிருந்தால் அந்தக் கிருமி வீட்டு மண்ணில் மாதக் கணக்கில், ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். டெட்டால், பினாயில் போன்றவற்றுக்கு அசையாது. குளோரின் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, சுத்தமாகத் தேய்த்துக் கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். பழைய படுக்கை, கிண்ணம், கழுத்துப்பட்டை எதையும் புதுக் குட்டிக்குத் தராதீர்கள். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் முடியும்வரை போட வேண்டும். ஒன்று போட்டாயிற்று என்று பாதியில் நிறுத்துபவர்கள்தான் அதிகம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி முதல் ஊசிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம், அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது. கடைசி ஊசிதான் உண்மையில் காப்பாற்றுகிறது.

பூச்சி மருந்து ஒருமுறை கொடுத்துவிட்டோம். மறுபடியும் மலத்தில் சேமியாபோல வருகிறது. நடுவில் ஒருநாள் தார்போலக் கறுப்பாகப் போனது. கறி கூடிவிட்டதா?
வாசகர், தேனி

சேமியாபோல வருவது உருண்டைப்புழு. குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக இறங்கிவிடும், அப்புறம் தாய்ப்பாலிலும் வரும். அதனால் சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்கும் இருக்கும். மருந்து பெரும்பாலும் குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். உடம்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் இளம் புழுக்கள் அடுத்த வாரம் குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் 2 வார வயதிலிருந்து 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் 6 மாதம் வரை மாதம் ஒருமுறை என்று சொல்கிறோம். அளவு எடைக்கு ஏற்றது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்பாகப் போனதுதான் எனக்குக் கவலை. அது கறியினால் அல்ல, செரித்த ரத்தமாக இருக்கலாம். கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். புது மலம் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் மைக்ராஸ்கோப்பில் முட்டை தெரியும். கூச்சப்படாதீர்கள், எங்களுக்கு அது பொன்னான தகவல். அந்தப் பக்கம் விளையாடும் பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பிட வேண்டாம், இந்த இரண்டு புழுக்களும் மனிதரையும் தொல்லைப்படுத்தும்.

வீட்டில் எங்களுக்கு எழுதிக்கொடுத்த பேதி மாத்திரை இருக்கிறது. கால் மாத்திரை கொடுக்கலாமா?
வாசகி, வேலூர்

வேண்டாம். குடலின் அசைவை நிறுத்தும் மாத்திரை கிருமியையும் விஷத்தையும் உள்ளேயே பூட்டி வைக்கும். கிருமிக்கொல்லி மாத்திரை நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து அழிக்கும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது அதைவிட ஆபத்து.

டாக்டர் அம்மா, நான் 9-ம் வகுப்பு படிக்கிறேன். தெருவில் தனியாகக் கிடந்த நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கிவந்து வளர்க்கிறேன். 3 மாதம் இருக்கும் என்று சொன்னார்கள். அம்மா மிச்சச் சாம்பார் சாதம் போடுவார்கள். அதற்கு அடிக்கடி வயிற்றால் போகிறது. பாக்கெட் வாங்க வசதி இல்லை. என்ன கொடுக்கலாம்?
மாணவர், சங்கரன்கோவில்

தம்பி, பாக்கெட் இல்லாமலும் வளர்க்கலாம். சாம்பாரில்தான் சிக்கல். சின்ன வெங்காயம், புளி, மிளகாய் மூன்றும் அதற்கு ஆகாது. ஆனால் அதே சாம்பாருக்கு அம்மா பருப்பு வேகவைப்பார்கள் அல்லவா? வெங்காயமும் புளியும் சேர்ப்பதற்கு முன் அதில் ஒரு கரண்டி தனியே எடுத்து வைக்கச் சொல். குழைந்த சாதம், அந்தப் பருப்பு, ஒரு வேகவைத்த முட்டை, கொஞ்சம் பரங்கிக்காய், இதுதான் அடிப்படை. கறிக்கடையில் கோழி ஈரல் மலிவாகக் கிடைத்தால் வாரம் இரண்டு முறை ஒரு துண்டு வேகவைத்துப் போடு, அதற்குமேல் வேண்டாம். மத்தி மீன் வாங்கும் நாளில் வேகவைத்து முள் நீக்கிக் கொடு. கருவாடு உப்பு, கொடுக்காதே. வேகவைத்த கோழி எலும்பும் கூடாது, ஊசிபோல உடைந்து குடலைக் குத்தும். பாயசத்தில் கிடக்கும் திராட்சையைக்கூட எடுத்துப் போட்டுவிடாதே, அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்சியில் மாவுபோல அரைத்து வை. 3 கிலோ குட்டிக்கு நாளைக்கு அரைத் தேக்கரண்டி சாப்பாட்டில் கலந்தால் கால்சியம் கிடைக்கும். இதையெல்லாம் ஒரே நாளில் கொடுக்கத் தொடங்காதே. முதல் நான்கு நாள் சாதமும் முட்டையும் மட்டும். அப்புறம் நான்கு நாளைக்கு ஒரு புதுப் பொருள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உனக்கே தெரிந்துவிடும். நாளைக்கு மூன்று வேளை, பள்ளிக்குப் போகும் முன், வந்ததும், இரவு. மிச்சம் வைத்தால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடு, வெயிலில் ஊசிப்போனதைத் தின்றால் மறுபடி பேதிதான்.

உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு ஒருமுறை தூக்கிப்போ. பூச்சி மருந்தும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கேள், 3 மாதம் என்றால் அதற்குச் சரியான நேரம்.

ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போடு: தேதி, என்ன சாப்பிட்டது, எப்படிப் போனது. ஞாயிற்றுக்கிழமை பலசரக்குக் கடைத் தராசில் துணிப்பையோடு வைத்து எடை பார்த்து எழுது. ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய் என்று நீ எழுதவில்லை, அதையும் எழுது.